வெள்ளவத்தையிலும் ரயில், மாங்குளத்திலும் ரயில்

தரம் 10க்கு பிரித்தானியர் காலப் போக்குவரத்து படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், வெள்ளவத்தையிலயும் ரயில் ஓடுது, மாங்குளத்திலயும் ஓடுது. அங்க மாடி மாடியா வீடு. இங்க ஏன் காடு?"

மணி அடித்துவிட்டது. பாடப்புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இலங்கைக்கு ரயில் வந்தது கோப்பி ஏற்ற. 1867இல் கண்டியைத் தொட்டது. ஆனால் கொழும்பின் கரையோரப் பாதை வேறு மாதிரியான ஊர்களை உண்டாக்கியது. 1877இல் அது பாணந்துறை வரை ஓடத் தொடங்கியது. கந்தோர் கோட்டையில், வீடு கடற்கரைக் காற்றில். காலையில் போய் மாலையில் திரும்பலாம். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று நிலையத்துக்கு நிலையம் வசதியான குடியிருப்புகள் வளர்ந்தன. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் யாழ்ப்பாணத்து அரச உத்தியோகத்தர் பலர் வீடெடுத்துத் தங்கினார்கள்.

அந்த உத்தியோகத்தரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் எங்கள் வன்னிப் பாதை. காங்கேசன்துறைப் பக்கத்தில் 1902இலேயே ரயில் ஓடியது. வன்னித் துண்டு பூர்த்தியாகி முழுப் பாதையும் இணைந்தது 1905இல். உழைப்பது கொழும்பில், கல்வீடு கட்டுவது கொக்குவிலில், சுன்னாகத்தில். 1956இல் யாழ்தேவி வந்த பிறகும் இதே கதைதான். நடுவில் இருந்த நாங்கள், இரவு மெயிலில் போனவர்கள் நித்திரையில் கடந்த இடம். தினமும் போய்வர மாங்குளத்துக்குப் பக்கத்தில் எந்தக் கந்தோர் இருந்தது?

அப்போ கிளிநொச்சி எப்படி எழும்பியது? தண்ணீரால். இரணைமடுக் குளத்து வேலை 1902இல் தொடங்கியது. 1936இல் யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தைக் குறைக்கக் குடியேற்றத் திட்டம் வந்தது. ரயில் ஆளைக் கொண்டுவந்து இறக்கியது, வாழவைத்தது வாய்க்கால். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் கையில் நல்ல காசு புழங்கியது. வன்னியும் ஒரு காலம் வசதியாகத்தான் இருந்தது தம்பி. ஆனால் அந்த வசதி ரயில் நிலைய வாசலில் இல்லை, வயலில் இருந்தது.

பிறகு நடந்ததைத்தான் வகுப்பில் சொல்ல எனக்குத் தொண்டை அடைக்கும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போயின. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் சனம் புத்தளம் போனது ரயிலில் அல்ல. அந்த ஆண்டுகளில்தான் வடக்கில் இருந்து போனவர்களால் வெள்ளவத்தை லொட்ஜுகள் நிரம்பின, தொடர்மாடிகள் உயர்ந்தன. ஆக, அவன் பார்த்த மாடிகளில் ஒரு பங்கு இங்கிருந்து போனவர்களின் காசுதான்.

2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது.

நாளைக்கு வகுப்பில் வீட்டுவேலை கொடுக்கப் போகிறேன்: 1990க்கு முன் உங்கள் வீட்டில் யார் எந்த நிலையத்தில் ஏறினார்கள், கையில் என்ன கொண்டுபோனார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரவேண்டும். உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.