பச்சை உடம்பும் மனசும்

நான் குழுவில் சேர்ந்த புதிதில், எங்கள் தாயில்பட்டி உறுப்பினர் ஒருத்தி பிரசவமான பிறகு பிள்ளையைத் தூக்கவே இல்லை. ராத்திரி தூக்கமில்லை, ஓயாமல் அழுகை. "காத்துக்கருப்பு பட்டிருச்சு"ன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். நானும்தான் கூடப் போனேன். பொம்பளைப் பிள்ளை பிறந்ததுக்கு வீட்டில் நடந்த பேச்சை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதை நம் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமத்துக் கர்ப்பிணிகள் 359 பேரிடம் பேசி, பிள்ளை பிறந்த பிறகும் விசாரித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 100-க்கு 11 பேர். வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம், கைவேலைக்கு ஆளில்லாதது என்று காரணங்கள் எல்லாம் நம்ம வீட்டுக் கதைதான். பேயைக் காணோம்!

இதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு. இல்லாத குரல் கேட்கும், பேச்சு தாறுமாறாகும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிள்ளையைப் பிரிச்சிருவாங்களோ என்ற பயம் வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009-இல் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். போனில் கேட்க 14416.

அவள் மாத்திரையில் தேறினாள். இப்போது பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாங்கள் முறை வைத்துப் போகிறோம். ஒருத்தி துணி அலசுவாள், ஒருத்தி பிள்ளையை வைத்துக்கொள்வாள். அந்த நேரம் தாய் தூங்கட்டும்.