லூபெக் ஆலயத்து மாலையிசை

வட ஜெர்மனியின் துறைமுக நகர் லூபெக். அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தில் 1668-ஆம் ஆண்டு ஆர்கன் இசைஞராகப் பொறுப்பேற்றவர் டீட்ரிக் புக்ஸ்டெஹூடே. அவருக்கு முன் அப்பதவியிலிருந்த துண்டர் தொடங்கிய மாலைக் கச்சேரிகளை அவர் பெரிதும் விரிவாக்கினார். கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களில் ஐந்து ஞாயிறுகளில், வழிபாடு முடிந்தபின், ஆர்கனும் பாடகர் குழுவும் பிற கருவிகளும் இணைந்து முழங்கின. கட்டணம் இல்லை, செலவை ஊர் வணிகர் ஏற்றனர். அரசவைகளில் ஒலித்த பேரிசை இவ்வாறு எளிய குடிகளின் செவிக்கும் எட்டியது.

இவ்வாலயத்தின் இசையை நாடி, 1705-இல் ஆர்ன்ஷ்டாட் நகரிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து வந்தார். பின்னாளில் உலகம் போற்றிய யோஹான் செபாஸ்டியன் பாக் அவரே. பெற்ற விடுப்போ நான்கு வாரம். கழிந்ததோ ஏறக்குறைய நான்கு மாதம்! திரும்பியதும் ஆலய நிருவாகத்தார் விளக்கம் கேட்டனர். தம் கலையைக் கற்கச் சென்றதாக அவர் விடையிறுத்தார். வழிபாட்டுப் பாடல்களில் பழகாத சுரங்களைக் கலந்து மக்களைக் குழப்புகிறார் என்றும் குற்றம் சாட்டினர். விடுப்புக் கணக்கை அறிந்த நாம் நிருவாகத்தாரைக் குறை கூறோம். ஆயினும் அந்தப் பயணத்தின் பயன் பதிவேட்டில் அடங்குவதன்று.

1810-இல் அம்மரபு நின்றது. 1942 மார்ச்சுக் குண்டுவீச்சில் ஆலயமும் ஆர்கன்களும் தீக்கிரையாயின. போருக்குப்பின் ஆலயம் மீண்டெழுந்தது. 1968-இல் புதிய பேரார்கன் அமைந்தது.

பிற மாநிலத்தில் சங்க மேடையைப் பேணும் நமக்கு, பொருள் தந்த வணிகரும் கேட்க நடந்த இளைஞரும் ஒருங்கே நினைக்கத்தக்கோர். இவ்விருவருள் ஒருவர் இல்லையெனினும் எக்கலையும் தழைப்பதில்லை.