உழவர் குடியிருப்பும் உறைமருந்தும்

யூரேசியர், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்தை நிறுவிய டி. எஸ். ஒயிட்டின் பெயரைத் தாங்கி, மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1882இல் அளித்த நிலத்தில் உழவுக் குடியிருப்பாகத் தோன்றிய பெங்களூரு வைட்ஃபீல்ட், 1990களில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின், பகலெல்லாம் கூரைக்கடியில் உழைப்போரின் ஊராக மாறியது. அப்படி உழைப்போருக்கு அரிதாகிவிட்ட வெயில் பட்டால் தோலே உண்டாக்கும் வைட்டமின் டி, 1922இல் அறிவியலாளர் மெக்காலம் கண்டறிந்து பெயரிட்ட சத்து, இன்று மருந்துக்கடையில் சிற்றுறைத் தூளாகக் கிடைக்கிறது. ஓர் உறையில் 60,000 சர்வதேச அலகுகள், அதாவது 1,500 மைக்ரோகிராம், அடங்கியிருப்பதால், மருத்துவர் வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும் பாலில் கலந்து பருகச் சொன்னதை நாள்தோறும் பருகுவோர், பெரியவர்களுக்குரிய நாளொன்றுக்கு 4,000 அலகு என்னும் உச்சவரம்பைப்போல் பதினைந்து மடங்கு உட்கொள்கின்றனர். இந்தத் தவறு உண்மையிலேயே அஞ்சத்தக்கது. கொழுப்பில் கரையும் இச்சத்து எளிதில் வெளியேறாமல் உடலில் தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை மிகுவிக்க, தீராத தாகமும் வாந்தியும் மலச்சிக்கலும் மனக்குழப்பமும் தோன்றி, நாளடைவில் சிறுநீரகமும் பழுதடைகிறது.