கட்டியக்காரன் மொழிந்த நாட்டுநடப்பு

தெருக்கூத்தில் அரசர் பாரதக் காலத்தில் நிற்பர். கட்டியக்காரன் ஒருவனே நம் காலத்திற்கு வந்து மீள்வான். விலையேற்றத்தையும் வரியையும் துரியோதனன் அவையிலேயே பாடி எள்ளுவான். அவனும் பகலில் ஏர் பிடித்தவனே.

இத்தகைய எள்ளலை ஆங்கில அரசு அஞ்சியது. வேல்ஸ் இளவரசர் வருகையையொட்டிய நிகழ்ச்சியைக் கல்கத்தா மேடை நையாண்டி செய்யவே, 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. எழுதிய நாடகத்தைத் தடுக்கலாம்; அவ்விரவிலேயே பிறக்கும் பேச்சை முன்கூட்டித் தணிக்கை செய்வது அரிது. ஆயினும், அதனைக் காத்த இயல்பே அதனை மறையவும் செய்தது: அச்சிட்ட கூத்து நூல்களில் அப்பேச்சைப் பெரும்பாலும் நாம் காண்பதில்லை.

கூத்து மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. சிம்பாங் பூலாய் வட்டாரத்து முதியோரிடம், கங்காணியையும் துரையையும் கோமாளி எள்ளியதுண்டா என மாணவர் கேட்டெழுதட்டும். ஏட்டில் ஏறாத வரலாறு நினைவிலேனும் எஞ்சியிருக்கும்போதே அதனை நாம் மீட்டாக வேண்டும்.