பத்தாயிரத்தில் ஒரு பங்கு

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வட்டிலப்பம் இல்லாத பெருநாள் ஏது? ஆயின் முட்டை ஒவ்வாத பிள்ளைக்கு அதன் ஒரு வாயே உதட்டை வீங்கச் செய்யலாம், மூச்சையும் அடைத்துவிடலாம்.

‘அலர்ஜி’ என்னும் சொல்லை வியன்னா மருத்துவர் பிர்க்கே 1906ஆம் ஆண்டிற் படைத்தார். ஈராண்டு கழித்து, இலண்டன் ‘லான்செட்’ இதழில் ஸ்கோஃபீல்டு என்னும் மருத்துவர் 13 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். முட்டை அவனுக்கு நஞ்சாயிருந்தது. அம்முட்டையையே 10,000இல் ஒரு பங்காக்கி, மாத்திரையில் வைத்து, நாள்தோறும் கொடுத்து, அளவை மெல்ல மெல்ல உயர்த்தினார். சில மாதங்களிற் சிறுவன் முட்டை உண்ணலானான். இத்துணை எளிய வழி நெடுங்காலம் பெரிதும் பேசப்படாமற் கிடந்தது வியப்பே. நிலக்கடலை ஒவ்வாமைக்கு இவ்வழியில் அமைந்த மருந்தொன்றை அமெரிக்க அரசு அனுமதித்தது 2020இலேதான்.

அளவைக் குறிப்பவர் மருத்துவர். நாள்தோறும் ஊட்டுபவள் உம்மா. மருத்துவரின்றி அடுப்படியில் இதனைத் தொடங்குதல் ஆபத்து. காய்ச்சல் கண்டால் அவரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும். உண்டவுடன் பிள்ளையை ஓடி விளையாட விடலாகாது. அட்ரினலின் ஊசி எந்நேரமும் கைக்கெட்ட இருத்தல் வேண்டும். குணங்கண்ட பின்னரும் இடையில் நிறுத்தினால் ஒவ்வாமை மீளக்கூடும். பெருநாளன்று, “ஒரு வாய்தானே” என்று பாசத்தோடு நீளும் உம்மம்மாவின் கையைத் தடுக்க வேண்டியவளும் அவளே.