பெட்டேசு

பெட்டேசு என்பது பாலியெத்திலீன் டெரெப்தாலேட்டு (சுருக்கமாகப் பெட்) என்னும் நெகிழியைச் சிதைக்கும் ஒரு நொதி ஆகும். குடிநீர்ப் புட்டிகள், பாலியெசுட்டர் துணிகள் முதலியன இந்நெகிழியால் ஆனவை. இந்நொதியை இடியோனெல்லா சகாயென்சிசு என்ற பாக்டீரியா சுரக்கிறது.

கண்டுபிடிப்பு

சப்பானின் சகாய் நகரில், பெட் புட்டிகளை மீள்சுழற்சி செய்யும் இடத்தில் மண், சேறு, கழிவுநீர் முதலிய 250 மாதிரிகள் திரட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றிலிருந்து இப்பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. யோசிடா சோசுக்கே, ஓடா கோகேய் உள்ளிட்ட குழுவினர் இதனை 2016 மார்ச்சில் சயன்சு ஆய்விதழில் வெளியிட்டனர். 30 °செ வெப்பநிலையில் மெல்லிய பெட் படலத்தை இது ஏறத்தாழ ஆறு வாரங்களில் சிதைத்தது. பெட் நெகிழியைச் சிதைக்கும் நொதிகள் முன்பே அறியப்பட்டிருந்தன. ஆயினும் பெட்டையே முதன்மை உணவாகக் கொண்டு வளரும் உயிரி என்பதே இங்குப் புதிது.

செயல்படும் விதம்

பெட் என்பது டெரெப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் எசுத்தர் பிணைப்புகளால் மாறிமாறிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. பெட்டேசு இப்பிணைப்புகளை நீராற்பகுப்பு மூலம் வெட்டிச் சிறு மூலக்கூறுகளாக்குகிறது. அவற்றை எம்எச்இடியேசு என்ற இரண்டாம் நொதி மேலும் வெட்டி, தொடக்கப் பொருட்களான அமிலத்தையும் கிளைக்காலையும் தருகிறது. இவற்றைக் கொண்டு மீண்டும் புதிய பெட் செய்யலாம். இலைகளின் மேற்பூச்சிலுள்ள கியூட்டின் என்ற பொருளும் ஒரு பாலியெசுட்டரே. அதனைச் சிதைக்கும் கியூட்டினேசு நொதிகளைப் பெட்டேசு பெரிதும் ஒத்திருப்பது வியப்பன்று.

பாலித்தீன் பைகளின் சங்கிலி கார்பன்-கார்பன் பிணைப்புகளால் ஆனது. வெட்டுவதற்கு எசுத்தர் பிணைப்பு அதில் இல்லை. எனவே "நெகிழியை உண்ணும் பாக்டீரியா" என்று செய்திகளில் பொதுவாக எழுதப்படுவது மிகையாகும்.

மேம்பாடுகள்

இயற்கையான பெட்டேசு மெதுவானது, வெப்பத்தையும் தாங்காது. ஆனால் பெட்டின் சங்கிலிகள் நெகிழ்ந்து நொதிக்கு இடம் கொடுப்பது ஏறத்தாழ 70 °செ வெப்பநிலையில்தான். ஆகவே, இலைமக்கிலிருந்து பெறப்பட்ட, வெப்பம் தாங்கும் கியூட்டினேசு ஒன்றைப் பிரான்சின் துலூசு நகர ஆய்வாளர்களும் கார்பியோசு நிறுவனத்தினரும் மாற்றியமைத்தனர். அது 72 °செ வெப்பநிலையில் 10 மணி நேரத்தில் பெட்டின் 90 விழுக்காட்டைப் பிரித்ததாக 2020 இல் நேச்சர் இதழில் அறிவிக்கப்பட்டது. 2022 இல் ஆசுட்டினிலுள்ள டெக்சாசு பல்கலைக்கழகக் குழு, இயந்திரக் கற்றல் மூலம் மாற்றங்களைத் தேர்ந்து, 50 °செ வெப்பநிலையில் செயல்படும் பெட்டேசு வடிவம் ஒன்றை உருவாக்கியது.

வேதி வினையூக்கிகளுடன் ஒப்பீடு

துத்தநாக அசிட்டேட்டு போன்ற வினையூக்கியுடன் எத்திலீன் கிளைக்காலில் சூடாக்கியும் பெட்டைப் பிரிக்கலாம். இதற்கு ஏறத்தாழ 190 °செ வெப்பம் வேண்டும். நொதிமுறைக்கு வெப்பம் குறைவாகப் போதும் என்றாலும் செலவு வேறு இடத்தில் வருகிறது. புட்டி நெகிழி படிகத்தன்மை மிக்கது. முதலில் அதனை உருக்கி, விரைந்து குளிர்வித்து, பொடியாக்க வேண்டும். வெளிப்படும் அமிலத்தை நடுநிலையாக்க எரிசோடா தொடர்ந்து சேர்க்கப்படுகிறது. பின்னர் டெரெப்தாலிக் அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் சேர்க்கும்போது சோடியம் சல்பேட்டு பெருமளவில் எஞ்சுகிறது.