அரைத் தலையைப் பிளக்கும் வலி: ஒரு நெடுங்கதை



ஒற்றைத் தலைவலி இந்தக் காலத்து நோய் என்று பலர் எண்ணுகிறார்கள். சுசுருதரின் மருத்துவ நூலே இதனை 'அர்த்தாவபேதகம்' என்று குறிப்பிடுகிறது. பாதித் தலையைப் பிளப்பது என்பது அதன் பொருள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன் பயன்படுத்திய பெயருக்கும் 'அரைத் தலை' என்பதே பொருள். அது மருவித்தான் 'மைக்ரேன்' ஆயிற்று.

நம் பினாங்கில் பல இன வைத்தியங்களும் அருகருகே வளர்ந்தன. ஜார்ஜ் டவுனில் லாம் வா ஈ சீன வைத்தியசாலை 1883இல் தொடங்கியது. பம்பாயில் 1893இல் நாகேஸ்வர ராவ் உருவாக்கிய அமிர்தாஞ்சனமும் தமிழர் வீடுகளுக்குப் பழக்கமானது. பாட்டிமார் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். இவை சற்று இதம் தரும். ஆனால், நோயின் வேரைத் தொடாது.

வேர் எங்கே இருக்கிறது? இரத்தக் குழாய்கள் விரிவதே காரணம் என்று 1930களில் அமெரிக்க மருத்துவர் ஹரால்டு உல்ஃப் கருதினார். 1944இல் பிரேசில் நாட்டு லியாவ், மூளையின் மேற்பரப்பில் மெல்லப் பரவும் ஓர் அலையைக் கண்டறிந்தார். வலிக்குமுன் சிலருக்குக் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிவதற்கு அதுவே காரணம் எனக் கருதப்படுகிறது. பிறகு, முக்கிளை நரம்பு வெளியிடும் சிஜிஆர்பி என்ற பொருளின் பங்கு தெரியவந்தது. அதைத் தடுக்கும் ஊசிமருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த ஆய்வுக்காக நால்வர் 2021இல் மூளை ஆய்வுப் பரிசைப் பெற்றார்கள்.

பரம்பரையும் ஒரு காரணம். தூக்கக் குறைவு, மாதவிடாய் மாற்றம், பட்டினி, வெயில் ஆகியவை வலியைத் தூண்டும். தைப்பூசத்தில் வெறும் வயிற்றோடு தண்ணீர்மலைக்கு நடப்பவர்களில் சிலர் இதை அறிவார்கள்.

மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தலை வலித்து, அவற்றில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் தன்மை இருந்தால் அது நாட்பட்ட நோய். அப்போது கடையில் வாங்கும் மாத்திரையை அடிக்கடி விழுங்கினால், அந்த மாத்திரையே வலியை வளர்த்துவிடும்! வலி வந்த நாளையும் உண்ட மருந்தையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். திடீரென இடிபோல் வலித்தாலோ, கை கால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வீட்டில் ஒரு பெண் இருட்டறையில் படுத்தால், 'வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள்' என்று பேசாதீர்கள். ஈராயிரம் ஆண்டு மருத்துவ வரலாறு அவள் பக்கம் நிற்கிறது.